குடியிருப்பில் நடன வகுப்பு தொடங்குவது எப்படி: புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு

பரதம் முறையாகக் கற்று, அரங்கேற்றமும் முடித்துவிட்டு, "நாட்டியம் எட்டாத பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்" என்று நினைக்கிற இளம் ஆசிரியர்கள் பலரைப் பார்க்கிறேன். எண்ணம் நல்லது. ஆனால் எந்த அலுவலகத்துக்குப் போவது, என்ன தாள் கேட்பார்கள், எவ்வளவு செலவாகும், அந்தப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தருவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. தென்சென்னையில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வகுப்பு நடத்தி, ஒவ்வொன்றாக முட்டி மோதித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களை மனத்தில் வைத்து எழுதினாலும், மதுரையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. வகுப்புக்கு முன் அக்கம்பக்கம்

முதல் வேலை அறிவிப்புப் பலகை எழுதுவது அல்ல. மாலை நேரங்களில் போய் உட்காருங்கள். தண்ணீர் லாரி எப்போது வருகிறது, அம்மாக்கள் வீட்டு வேலையிலிருந்தும் ஹவுஸ்கீப்பிங் ஷிப்டிலிருந்தும் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், டியூஷன் எந்த நேரம், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எந்தப் பெண் பிள்ளையிடம் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். வகுப்பு நேரத்தை இவைதான் முடிவு செய்யும்.

அங்கே ஏற்கெனவே ஆடுகிறவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். மாடிப்படி அடியில் ஸ்பீக்கர் வைத்து ஆடும் பையன்கள் இருப்பார்கள், பறை அடிக்கும் குழு இருக்கும், கும்மிப் பாட்டு தெரிந்த ஆயா ஒருவராவது இருப்பார். "உங்களுக்குக் கலை கொண்டுவந்திருக்கிறேன்" என்ற தோரணையில் நுழைந்தால் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. எனக்கு முதல் மாணவர்களை அழைத்து வந்தது அந்தப் பையன்களில் ஒருவன்தான்.

2. இடம்: உரிமை யாரிடம், சாவி யாரிடம்

சமுதாய நலக்கூடம், அங்கன்வாடி, அரசுப் பள்ளி, தேவாலயக் கூடம், மொட்டை மாடி என்று ஐந்து வழி இருக்கிறது. மொட்டை மாடியைக் கடைசியாக வையுங்கள். மே மாதத்தில் மாலை ஐந்து மணிக்கும் தரை கால் சுடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை.

சமுதாயக் கூடம் என்றால் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். கட்டடம் யாருடையது? சாவி யாரிடம்? மின்கட்டணம் யார் கட்டுகிறார்? நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், மாநகராட்சி மண்டல அலுவலகம், குடியிருப்போர் நலச் சங்கம் என்று மூன்றுக்கும் மூன்று பதில் வரலாம். ஓரிடத்தில் "சரிம்மா, நடத்திக்கோங்க" என்று சொன்னதை நம்பித் தொடங்கிவிடாதீர்கள். வாய்மொழி அனுமதி, சொன்ன அதிகாரிக்கு இடமாறுதல் வந்த அன்றே காலாவதி ஆகிவிடும். விண்ணப்பத்தை இரண்டு படி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் அந்த முத்திரைதான் பேசும்.

அரசுப் பள்ளியில் நடத்த விரும்பினால் தலைமையாசிரியரை மட்டும் பார்த்தால் போதாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் உங்கள் விண்ணப்பத்தை வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். அவர்கள் தீர்மானம் போட்டுவிட்டால் மேலே உள்ள கல்வி அலுவலரிடம் போவது சுலபம்.

காலக் கணக்கு: அனுமதிக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்பும் தொடங்க வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே விண்ணப்பம் போய்விட வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் நடத்தை விதியைக் காரணம் காட்டிக் கோப்பு அசையாது. அதற்கு முன் முந்திக்கொள்ளுங்கள்.

3. தாள்கள்

விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டியவை: ஆதார் நகல், நடனச் சான்றிதழ் நகல், வகுப்பு நாள், நேரம், வயது வரம்பு எழுதிய ஒரு பக்கம், அந்தக் குடியிருப்பில் வசிக்கும் இரண்டு பேரின் ஆதரவுக் கடிதம். காவல்துறையின் இணையதளம் வழியாகத் தனிநபர் சரிபார்ப்புச் சான்று வாங்கி அதையும் வையுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் வையுங்கள். பிள்ளையை ஒரு அந்நியரிடம் அனுப்பும் தாய்க்கு அது உரிமை. உங்களோடு வரும் உதவியாளருக்கும் இதே சான்று வேண்டும்.

அறக்கட்டளை, சங்கம் எதுவும் முதல் ஆண்டில் தேவையில்லை. தனிநபராக நடத்துங்கள். ஆண்டு வருமானம் 20 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் வேண்டாம். உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டுமென்றால் அரசுத் தளத்தில் இலவசம். பார்வைக்கு அதைப் போலவே இருக்கும் தனியார் தளங்கள் பணம் பிடுங்குகின்றன, கவனம். பிறகு நன்கொடை வாங்கும் நிலை வந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதியலாம். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கு தாக்கல் செய்ய ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள். அந்த ஏழு பேரில் மூன்று பேராவது குடியிருப்புப் பெற்றோராக இருப்பது நல்லது.

பெற்றோர் சம்மதப் படிவம் ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். பிள்ளையின் பெயர், வயது, அவசரத்துக்கு இரண்டு தொலைபேசி எண், வலிப்பு, ஆஸ்துமா, மூட்டு வலி போன்றவை, யார் வந்து அழைத்துப் போவார் என்பது. சாதி, மதம், அப்பாவின் வருமானம் கேட்கும் கட்டம் வேண்டாம். அதை வைத்து நீங்கள் செய்யப்போவது எதுவுமில்லை. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டிவிட்டுக் கையொப்பம் வாங்குங்கள்.

புகைப்படத்துக்குத் தனிப் படிவம். இதை முதல் படிவத்தோடு சேர்த்துவிடுவது பலரும் செய்யும் தவறு. வகுப்புக்குச் சம்மதம் தந்தவர், பிள்ளையின் படம் இன்ஸ்டாகிராமில் போவதற்கும் சம்மதம் தந்தார் என்று ஆகாது.

4. பணம்

முழு இலவசம் வேண்டாம் என்பது என் கருத்து. இலவசம் என்றதும் "நம்ம பிள்ளைக்கு யாரோ தர்மம் பண்றாங்க" என்ற கூச்சம் வந்துவிடுகிறது. கேள்வி கேட்கும் உரிமை போய்விடுகிறது. அதே சமயம் 500, 1000 என்று நிர்ணயித்தால் பாதிப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடுவார்கள். நாங்கள் செய்வது இது: எல்லாருக்கும் ஒரே மாதிரி உறை. முடிந்ததை வைக்கலாம், வெறும் உறையையும் போடலாம். யார் எவ்வளவு வைத்தார் என்று உறையில் பெயர் இராது. உறை வாங்கும் நாள் பத்தாம் தேதிக்குப் பிறகு. மாதத் தொடக்கத்தில் வாடகையும் கடன் தவணையும் போய்விடும், சம்பளம் கைக்கு வந்து சேர நாளாகும்.

இதில் உங்கள் பிழைப்பு ஓடாது. வாரத்தில் மூன்று நாள் வேறிடத்தில் கட்டண வகுப்பு நடத்தி, இரண்டு நாள் இங்கே என்று பிரித்துக்கொண்டவர்கள்தான் நிலைக்கிறார்கள். எல்லா நாளையும் இங்கே கொடுத்துவிட்டு ஆறே மாதத்தில் களைத்துப்போய் நிறுத்துவது பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

முதல் ஆண்டுச் செலவில் தட்டுக்கழி, தட்டுப்பலகை (தாளம் தட்டும் கோலும் மரப்பலகையும்), சிறு ஸ்பீக்கர், தண்ணீர்க் கேன், முதலுதவிப் பெட்டி, கூட்டித் துடைக்கும் அம்மாவுக்குச் சம்பளம் ஆகியவை வரும். சலங்கை வராது. ஒரு ஜோடி நல்ல சலங்கை ஆயிரம் ரூபாயைத் தொடும், சில இடங்களில் தாண்டும். அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நிற்காத காலுக்கு அது பாரம்தான். இரண்டாம் ஆண்டில் பத்து ஜோடி வாங்கி வகுப்பிலேயே வைத்து எல்லாரும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். பயிற்சிப் புடவைக்கும் வற்புறுத்த வேண்டாம். சுடிதார் மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டினால் போதும்.

5. தரை, உடல், தொடுகை

சமுதாயக் கூடங்களின் தரை பெரும்பாலும் சிமெண்டு மேல் டைல்ஸ். அதன் மேல் அரைமண்டியில் (முழங்கால் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில்) ஓங்கித் தட்டினால் முழங்காலும் கணுக்காலும் சீக்கிரம் வலிக்கத் தொடங்கும். மரத்தளம் போடும் வசதி நமக்கில்லை. பாய் வழுக்கும், ரப்பர் விரிப்பில் கால் ஒட்டித் திருகும். ஆகவே தொடர்ந்து தட்டும் நேரத்தைக் குறையுங்கள். கால் மணி நேரம் தட்டடவு (பாதத்தைத் தட்டும் அடவு), பிறகு உட்கார்ந்து கை முத்திரை, பிறகு நாட்டடவு (காலை நீட்டிக் குதிகால் ஊன்றும் அடவு), பிறகு தாளம் என்று மாற்றுங்கள். அரைமண்டியில் முழங்கால் கால்விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். "இன்னும் உட்காரு" என்று தோளை அழுத்தாதீர்கள். ஏழு வயதுக்குக் கீழே அரைமண்டி வேண்டவே வேண்டாம். கும்மியும் கோலாட்டமும் போதும்.

மதியம் சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் இருப்பார்கள். யார் என்று எழுப்பிக் கேட்காமல், எல்லாருக்கும் வேர்க்கடலை உருண்டையோ சுண்டலோ முதலிலேயே கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தட்டுக்கழி தட்டுப்பலகைக்கு மட்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்திருக்கிறது. நம் வகுப்புக்கும் அதுவே அளவுகோல். உடலைத் திருத்த வேண்டியிருந்தால் "தோளைத் தொடட்டுமா?" என்று கேளுங்கள்; பெரும்பாலும் உங்கள் உடலில் செய்துகாட்டினாலே போதும். எப்போதும் பெரியவர்கள் இருவர் கூடத்தில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். தகவல் எல்லாம் பெற்றோரின் எண்ணுக்கு மட்டும். மாதவிடாய் நாளில் வரக்கூடாது என்று சொல்லாதீர்கள், வந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லாதீர்கள்.

6. எதைச் சொல்லித்தருவது

வகுப்பு நிலைப்பதும் நிலைக்காததும் இதில்தான் இருக்கிறது.

முதல் மாதம் அவர்களிடம் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். கும்மி தெரிந்த ஆயாவை அழைத்து வந்து நடுவில் நிறுத்துங்கள். அந்தக் கைதட்டலிலேயே மூன்று எண்ணிக்கையும் நான்கு எண்ணிக்கையும் இருக்கின்றன. "தகிட" திஸ்ரம், "தகதிமி" சதுஸ்ரம் என்று அதற்குப் பிறகு பெயர் சொன்னால் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரிந்த பொருளாகிவிடும். பிறகு தட்டடவு. தரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். "இந்தப் பிள்ளைகளுக்கு இது போதும்" என்று மேலோட்டமாகச் சொல்லித்தருவதும் ஒருவகைத் தீண்டாமைதான். மூன்று காலம், சுத்தமான அரைமண்டி, ஆதி தாளத்தில் எட்டு அட்சரத்தை (எண்ணிக்கையை) தானே எண்ணும் பழக்கம், இவை மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு என்ன அளவோ இவர்களுக்கும் அதே அளவு.

இரண்டாம் மாதத்தில் ஒரு பயிற்சி தருவேன். வீட்டில் இன்று பார்த்த ஒரு வேலையைக் கொண்டுவாருங்கள், ஒரே ஒரு அசைவு, வாயால் சொல்லக்கூடாது என்பேன். ஒருத்தி மீன் கழுவுவாள், ஒருவன் ஆட்டோவை உதைத்துக் கிளப்புவான். தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லா முறையும் வரும். யமுனையில் நீர் மொள்ளும் பெண்ணை நாமெல்லாம் அபிநயத்தில் ஆடியிருக்கிறோம். கழுத்தைச் சாய்த்து ஒயிலாக, பாரமே இல்லாமல். இந்தப் பிள்ளைகளுக்கு 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தின் எடை தெரியும். இடுப்பில் ஏற்றியதும் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது, மறுகை தானாக விரிகிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. "நீ தூக்கின மாதிரியே இருக்கட்டும், அழகுபடுத்தாதே" என்று சொல்லி அதை எட்டு எண்ணிக்கைக்குள் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஒருவர் அசைவை மற்றவர் கற்க வேண்டும். பையன்கள் குடம் தூக்குவார்கள், பெண்கள் ஆட்டோ ஓட்டுவார்கள். நான்கு வாரத்தில் அவர்களுக்கே சொந்தமான ஓர் அசைவுக் கோவை கிடைத்துவிடும். முத்திரைகளை அதற்குப் பிறகு சேருங்கள். சொல்ல ஒரு விஷயம் இருக்கும்போது கை தானே மொழியைத் தேடும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. "சொந்த வாழ்க்கையை ஆடு" என்று சொல்லி, பிள்ளையின் துயரத்தைத் தோண்டி எடுத்து நன்கொடையாளர் முன்னால் ஆடவிடுவது. வீடு இடிக்கப்பட்டது, அப்பா குடிப்பது, இதையெல்லாம் கேட்டுக் கண்கலங்கும் பார்வையாளர்கள் எப்போதும் கிடைப்பார்கள். செய்யாதீர்கள். எதைக் கொண்டுவருவது என்பது பிள்ளையின் முடிவு. கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், காரணம் கேட்கக்கூடாது. யாருடைய கதை என்று மேடையில் அறிவிக்கக்கூடாது. பல பிள்ளைகள் சந்தோஷத்தைத்தான் ஆட விரும்புகிறார்கள். கிரிக்கெட், பிரியாணி, மெரினா அலை. அதுவும் வாழ்க்கைதான்.

பறை சொல்லித்தர வேண்டுமென்றால் பறைக் கலைஞரையே அழையுங்கள், காணொளி பார்த்து நீங்களே சொல்லித்தர வேண்டாம். நட்டுவாங்கம் செய்பவருக்கு (ஆட்டத்துக்குச் சொற்கட்டு சொல்லித் தாளம் போடுபவருக்கு) என்ன மதிப்பூதியமோ அதே தொகை அவருக்கும், அதே நாளில், அதே மாதிரி உறையில். இன்ன தெருப் பிள்ளை என்பதால் அவன்தான் பறை அடிக்க வேண்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லாரும் கற்கட்டும் அல்லது விரும்புகிறவர் கற்கட்டும். "ஏன் மிஸ், இதை விட்டுட்டு வரணும்னுதானே பிள்ளையைப் படிக்க வைக்கிறோம்" என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். சாவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் அடிக்க நேர்ந்தவர்களின் வலி அது. வாதம் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளைக்குப் பறை வேண்டாம் என்றால் வேண்டாம். பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்ததைப் பிறகு ஒருநாள், வேறு பேச்சுக்கு நடுவே சொல்லலாம்.

வகுப்புக்கு வரும் பையனைத் தெருவில் கேலி செய்வார்கள். பெண்மை கலந்த நடையுள்ள பையன் என்றால் இன்னும் அதிகம். முதல் நாளே வகுப்பில் சொல்லிவிடுங்கள்: நடை, நிறம், உடம்பு பற்றிய கேலிக்கு இங்கே இடமில்லை. திருநங்கையான நர்த்தகி நடராஜ் பரதத்துக்காக 2019-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் ஆடும் காணொளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாடம் எடுக்க வேண்டாம், பார்க்கட்டும்.

இஸ்லாமிய, கிறிஸ்தவப் பிள்ளைகளின் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பூமி நமஸ்காரம் தட்டப்போகும் தரைக்குச் சொல்லும் நன்றி என்று விளக்குவேன். விரும்பாதவர் கைகட்டி நிற்கலாம். முதல் உருப்படி (முழு ஆட்டம்) அலாரிப்பாக இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். அது முழுக்கத் தாளமும் உடலும்தான்.

7. பிள்ளை ஒன்றைச் சொல்லிவிட்டால்

உடல் வேலை செய்யும்போது மனத்தில் பூட்டியது வெளியே வரும். தொல்லை, அடி, குழந்தைத் திருமண ஏற்பாடு எதுவும் வரலாம். அமைதியாகக் கேளுங்கள். துருவிக் கேட்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப்படி கட்டாயம், மறைத்தால் தண்டனை உண்டு. குழந்தை உதவி எண் 1098, இருபத்துநான்கு மணி நேரமும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே தேதியோடு எழுதிவைத்து, அன்றே அழையுங்கள். குடியிருப்புப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எண்ணைக் கூடத்துச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள்.

8. மேடை

முதல் நிகழ்ச்சி அவர்கள் தெருவிலேயே நடக்கட்டும். பெற்றோர் வேலையை விட்டுச் சபாவுக்கு வர முடியாது. 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, மீனவர் குப்பத்துக்குள்ளேயே செவ்வியல் கலைகளையும் கிராமியக் கலைகளையும் மேடையேற்றியது. பார்வையாளர்கள்தான் அங்கே போனார்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் இரண்டு வாரம் முன்பே எழுதிக்கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அனுமதி கிடையாது. ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியோடு போட்டி போட முடியாது, தள்ளிவையுங்கள். டிசம்பர் அரையாண்டுத் தேர்வு, மார்ச் பொதுத்தேர்வு. ஜனவரி கடைசி வாரம் வசதியான நேரம்.

ஆடை, நகை, ஒப்பனையில்தான் பெற்றோர் கடன்படுகிறார்கள். ஒரே நிறப் பருத்திப் புடவை, பூ, கண் மை போதும். ஒப்பனைக்காரர் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கறுத்த பிள்ளையின் முகத்தில் வெளிர் பான்கேக் (ஒப்பனை முகப்பூச்சு) பூசக்கூடாது, அவரவர் நிறத்துக்கு ஏற்ற பூச்சு மட்டும். ஆடி முடித்துக் கண்ணாடியில் பார்க்கும்போது அவளுடைய முகம் அங்கே இருக்க வேண்டும்.

"உலக சாதனை நிகழ்ச்சி, ஆயிரம் பேர் ஆடுகிறார்கள்" என்று அழைப்பு வரும். தலைக்கு இவ்வளவு கட்டணம், ஆடைக்கு இவ்வளவு, சான்றிதழுக்கு இவ்வளவு. பிள்ளை வெயிலில் பல மணி நேரம் நிற்கும். மறுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குத் தயார் செய்யுங்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகலாம், செலவு குறைவு.

9. மேலே கற்க விரும்பும் பிள்ளைக்கு

உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள். 5 முதல் 16 வயது வரை ஜவகர் சிறுவர் மன்றத்தில் குறைந்த கட்டணத்தில் சேரலாம். 12 முதல் 25 வயதுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பில் பரதமும் உண்டு. 10 முதல் 14 வயதுக்குள் இருந்தால் மத்திய அரசின் பண்பாட்டு வளங்கள் பயிற்சி மையம் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பிறந்த தேதிச் சான்று கையில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருக்கும் பிள்ளைகள் நிறைய. இடம்பெயர்ந்த குடும்பங்களில் சான்றே தொலைந்திருக்கும். சேர்ந்த முதல் ஆண்டிலேயே இதைப் பார்த்து, இ-சேவை மையத்தில் திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்கே மாதக்கணக்கில் ஆகும், விண்ணப்பக் கடைசி நாளன்று கண்டுபிடித்தால் அந்த ஆண்டு போய்விடும்.